40,000 பேர் படிக்கும் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர் ஆய்வுக்குள் நுழைவது எப்படி?

முதலாம் ஆண்டு முடியப்போகிறது, 40,000 பேர் படிக்கும் அரசுப் பல்கலைக்கழகம், இங்கே வாய்ப்புகள் கொட்டிக் கிடக்கின்றன என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் 14 பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பியும் ஒருவர்கூடப் பதில் போடவில்லை, பேசாமல் ஒரு சிறிய கல்லூரியில் சேர்ந்திருக்கலாமோ என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் மெயில் எழுதுவது எப்படி என்ற கேள்விபோலத் தெரிகிறது. இரண்டு மூன்று முறை படித்துப் பார்த்தேன். இவ்வளவு பெரிய கூட்டத்தில் என் பெயர் தெரிந்த ஒரு ஆசிரியராவது எனக்கு அமைவாரா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். அமைவார். நீங்கள் தட்டிய கதவு வேறு, திறக்கிற கதவு வேறு, அவ்வளவுதான்.

நான் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களின் தாவர அறிவியல் ஆய்வகங்களில் 17 ஆண்டுகளாக இருக்கிறேன். முதலில் பிஎச்டி மாணவராக, அப்புறம் ஆய்வாளராக, இப்போது ஒரு லேபின் அன்றாட வேலைகளுக்குப் பொறுப்பாளராக. இளநிலை மாணவர்கள் ஐம்பது அறுபது பேராவது என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். அதனால் லேப் சார்ந்த துறைகளைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளில் ஆய்வு பெரும்பாலும் தனி ஒருவரின் உழைப்பு. அங்கே நான் சொல்வதில் பாதிதான் பொருந்தும்.

முதலில் அந்த 14 மெயில்கள். பதில் வராததை உங்கள் தகுதியைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் பாடம் நடத்துகிறார், நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுகிறார், மற்றவர்களின் கட்டுரைகளை மதிப்பிடுகிறார், ஐந்தாறு பிஎச்டி மாணவர்களின் வேலையைப் பார்க்கிறார். இதற்கு நடுவில் "உங்கள் ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது, உங்கள் மேற்பார்வையில் பணிபுரிய விரும்புகிறேன்" என்று ஒரு மெயில் வருகிறது. அதே வாரத்தில் அதே சொற்களோடு இன்னும் நான்கு வருகின்றன. எதற்கும் பதில் போடுவதில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, அந்த மெயிலில் அவர் பதில் சொல்வதற்கு எதுவுமே இல்லை.

எங்கள் லேபுக்கு வந்து, படித்த உடனே எழுந்துபோய் எங்கள் பேராசிரியரிடம் நான் காட்டிய ஒரு மெயிலின் சாரத்தைச் சொல்கிறேன். "உங்கள் கட்டுரையின் மூன்றாவது படத்தில், குறைந்த வெப்பநிலையில் வைத்த விதைகளுக்கு மட்டும் பிழைக்கோடு மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நீளமாக இருக்கிறது. காரணம் கட்டுரையில் இருக்கிறதா என்று தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பரிசோதனையைச் செய்தவரிடம் பத்து நிமிடம் பேச முடியுமா? செவ்வாய், வியாழன் பிற்பகல் எனக்கு வகுப்பு இல்லை." மொத்தமே இவ்வளவுதான். மதிப்பெண் பட்டியல் இல்லை, கனவு இல்லை, புகழ்ச்சி இல்லை. ஒரு கட்டுரையை உண்மையிலேயே படித்திருக்கிறார் என்பது தெரிந்தது, எங்களால் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி இருந்தது, எந்த நாளில் வர முடியும் என்பது இருந்தது. அந்தக் கட்டுரையில் அவருக்குப் புரிந்தது கால்வாசிகூட இருக்காது. அது யாருக்கும் பொருட்டாகப் படவில்லை. முதலாம் ஆண்டு மாணவரிடம் யாரும் புலமையை எதிர்பார்ப்பதில்லை, உட்கார்ந்து பார்க்கும் பொறுமை இருக்கிறதா என்றுதான் பார்ப்போம்.

ஆனால் மெயிலைவிடப் பெரிய தவறு, அதை யாருக்கு அனுப்பினீர்கள் என்பதில் இருக்கிறது. லேபில் உண்மையிலேயே ஆள் தேவைப்படுவது பேராசிரியருக்கு இல்லை. மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ படிக்கும் பிஎச்டி மாணவருக்குத்தான். 200 மாதிரிகளை அரைத்து, எடைபோட்டு, பெயர் ஒட்டி, உறைகுளிரில் வைக்க வேண்டிய நிலையில் இருப்பவர் அவர். உங்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறவரும் அவர்தான். அவர் "இந்தப் பையன் நன்றாக வேலை செய்கிறான்" என்றோ "இந்தப் பெண் தப்பு செய்தால் மறைக்காமல் சொல்கிறாள்" என்றோ குழுக் கூட்டத்தில் ஒரு வாக்கியம் சொன்னால், உங்கள் பெயர் பேராசிரியருக்குத் தெரிந்துவிடும். துறையின் இணையப் பக்கத்தில் ஆய்வு மாணவர்களின் பெயர்கள் இருக்கும். அவர்கள் முதல் ஆசிரியராக இருக்கும் கட்டுரையைத் தேடிப் படித்துவிட்டு அவர்களுக்கு எழுதுங்கள்.

அதைவிடவும் எளிய வழி செமினார். ஏறக்குறைய எல்லா ஆராய்ச்சித் துறையிலும் வாரத்துக்கு ஒரு நாள் குறிப்பிட்ட நேரத்தில் யாராவது தங்கள் ஆய்வைப் பற்றிப் பேசுவார்கள். பெரும்பாலான இடங்களில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், நீங்கள் யார் என்று யாரும் தடுக்க மாட்டார்கள். இளநிலை மாணவர்கள் போவதே இல்லை. முதல் மூன்று வாரம் ஒன்றும் புரியாது. நான்காவது வாரம் ஒரே சொல் இரண்டு பேச்சாளர்களிடம் திரும்ப வருவது காதில் விழும். ஆறாவது வாரம் வாசலில் யாராவது உங்களிடம், நீங்கள் எந்த லேப் என்று கேட்பார்கள். "எந்த லேபிலும் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று அப்போது சொல்லுங்கள். எங்கள் லேபுக்கு வந்தவர்களில் பலர் இந்த வாசல் பேச்சில் கிடைத்தவர்கள். இன்னொன்று, பேராசிரியர் தன் வகுப்பு மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் வாராந்திர நேரம். தேர்வுக்கு முந்தைய வாரம் தவிர மற்ற நாட்களில் அந்த அறையில் பெரும்பாலும் அவர் தனியாகத்தான் இருப்பார். 300 பேர் வகுப்பில் உட்கார்ந்திருப்பவரை அவருக்குத் தெரியாது. அந்த அறைக்கு இரண்டு முறை வந்தவரை அவருக்குத் தெரியும்.

உள்ளே போனதும் என்ன வேலை கிடைக்கும் என்று பலர் தவறாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள், அதனால் ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவிக்கு நாங்கள் கொடுத்த முதல் வேலை விதை எண்ணுவது. 20 பெட்ரி தட்டுகள், தட்டுக்கு 50 விதைகள். தினமும் ஒரே நேரத்தில் வந்து மூடியைத் திறந்து, வேர்முனை வெளியே தெரிகிற விதைகளை எண்ணி எழுத வேண்டும். ஆயிரம் விதை, ஒன்றரை மணி நேரம், பத்து நாள். ஏழாம் நாள் அவர் நோட்டுப் புத்தகத்தோடு என்னிடம் வந்தார். எண்களுக்குப் பக்கத்தில், நாங்கள் கேட்காமலே, ஒவ்வொரு தட்டும் அலமாரியில் எந்த இடத்தில் இருந்தது என்று பென்சிலால் ஒரு சின்னக் கட்டம் வரைந்திருந்தார். மின்விசிறிக்குப் பக்கத்து வரிசையில் இருந்த தட்டுகளில் எல்லாம் முளைப்பு குறைவு. அந்தத் தட்டுகளின் வடிதாளைத் தொட்டால் ஓரம் காய்ந்திருந்தது. நாங்கள் அந்தத் தட்டுகளை ஒரே வகை விதைக்கு ஒதுக்கியிருந்தோம். அதாவது, விதையின் குணம் என்று நாங்கள் எழுத இருந்தது காற்றின் வேலை.

அந்தப் பரிசோதனையை மறுபடி செய்தோம், இந்த முறை எந்தத் தட்டு எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்தோம். வயலில் ஒரு மூலை செழிப்பாகவும் இன்னொரு மூலை வறண்டும் இருக்கும் சிக்கலைச் சமாளிக்க, இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் புள்ளியியலாளர் ஆர். ஏ. ஃபிஷர் 1920களில் முறைப்படுத்திய வழி இது. இன்று மருந்துச் சோதனைகள்வரை அதுதான் அடிப்படை. அந்த மாணவி இதைப் புள்ளியியல் பாடத்தில் ஏற்கெனவே படித்திருந்தார், தேர்விலும் எழுதியிருந்தார். அலமாரி முன்னால் நின்றபோதுதான் அது எதற்காக என்று தெரிந்தது என்றார். விதை எண்ணுவது, குடுவை கழுவுவது, ஆயிரம் படங்களைப் பார்த்து வகை பிரிப்பது, பழைய தரவில் விடுபட்ட இடங்களை நிரப்புவது, முதல் செமஸ்டர் முழுக்க இவைதான் கிடைக்கும். இவற்றைச் சலிப்பில்லாமல் செய்பவர்களுக்குத்தான் அடுத்த வேலை போகிறது. அப்புறம், ஒரு செமஸ்டரில் போய்விடுகிறவருக்கு நாங்கள் கற்றுக்கொடுப்பதும் குறைவு. கையில் வேலை படியவே நான்கு மாதம் ஆகும், ஐந்தாம் மாதம் அவர் கிளம்பிவிட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

பெரிய இடத்தில் இருப்பதன் பலன் என்ன என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் பெரிய அரசுப் பல்கலைக்கழகம். அங்கே மீக்கணினிப் பயன்பாட்டுக்கான தேசிய மையம் இருந்தது. அதில் பகுதிநேர வேலை பார்த்த மார்க் ஆண்ட்ரீசன் என்ற இளநிலை மாணவரும் முழுநேர ஊழியரான எரிக் பீனாவும் சேர்ந்து 1993இல் வெளியிட்டதுதான் மொசைக் என்ற உலாவி. இணையத்தைச் சாதாரண மக்களிடம் கொண்டுபோனதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்த மையம் அந்த வளாகத்தில் இல்லாமல் இருந்திருந்தால் அந்த மாணவர் அப்படி ஒரு பகுதிநேர வேலைக்குப் போயிருக்க முடியாது. இரண்டாவது, சமீபத்தியது. இன்னொரு பெரிய அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் இளநிலை படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ கிராபிவின், 2021இல் தரவுச் சேமிப்பைப் பற்றிய ஒரு கட்டுரையைப் பார்த்தார். உடனே ஒன்றும் செய்யவில்லை. பிற்பாடு ஓய்வாக உட்கார்ந்து படித்தபோது அதிலிருந்து ஒரு புதிய முறை தோன்றியது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் அவருக்கு ரட்கர்ஸில் பாடம் எடுத்த மார்ட்டின் ஃபராக் கோல்டன். அவரிடமே கொண்டுபோய்க் காட்டினார். ஆசிரியர் முதலில் நம்பவில்லை. கடைசியில் 1985இல் கணினி அறிவியலாளர் ஆண்ட்ரூ யாவோ முன்வைத்து 40 ஆண்டுகளாக நின்ற ஒரு ஊகம் தவறு என்று நிரூபணமானது. அப்படி ஒரு ஊகம் இருப்பதே அந்த மாணவருக்கு முன்பு தெரியாது.

இவை அபூர்வமான நிகழ்வுகள், உங்களுக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டிலும் தொடக்கம் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது பாருங்கள். ஒன்று வளாகத்துக்குள்ளேயே ஒரு பகுதிநேர வேலை, மற்றது தனக்கு வகுப்பெடுத்தவரின் கட்டுரையைப் படித்தது. இந்த இரண்டும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

சரி, ஆய்வில் சேர்வதால் உண்மையிலேயே பயன் உண்டா என்பதற்கு என்ன சான்று? இளநிலை மாணவர்களை ஆய்வில் சேர்க்கும் முறையான திட்டத்தை 1969இல் எம்ஐடியில் மார்கரெட் மக்விக்கர் தொடங்கிவைத்தார். அது தனியார் நிறுவனம். மிச்சிகன் போன்ற பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் பின்னாளில் தங்கள் வழியில் இதே போன்ற திட்டங்களைத் தொடங்கின. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களைக் கூட்டம் கூட்டமாக ஆய்வில் இறக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. பின்னணி ஒத்திருக்கும் மாணவர்களோடு ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, இத்திட்டத்தின் மூன்று செமஸ்டரையும் முடித்தவர்களில் ஆறு ஆண்டுக்குள் பட்டம் பெறும் வாய்ப்பு 66 சதவீதத்திலிருந்து 83 சதவீதமாகவும், பட்டம் பெறுபவர்களில் அது அறிவியல் தொழில்நுட்பத் துறையாக இருக்கும் வாய்ப்பு 71இலிருந்து 94 சதவீதமாகவும் உயர்ந்ததாகக் கணக்கிட்டது. மதிப்பெண் சராசரியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எனக்கு இந்தக் கடைசி விஷயம் முக்கியமாகப் படுகிறது. லேபுக்குப் போனால் மார்க் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படிப்பை விட்டுவிடாமல் முடிப்பவர்கள் கூடுகிறார்கள், அதுதான் தெரிகிறது.

இதில் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. மூன்று செமஸ்டரும் தாக்குப்பிடித்தவர்கள் இயல்பிலேயே விடாமுயற்சி உள்ளவர்களாக இருக்கலாம். ஒப்பீடு எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அந்த வேறுபாட்டை முழுக்கக் கழித்துவிட முடியாது. 2014இல் கேலப் நிறுவனமும் பர்டியூ பல்கலைக்கழகமும் சேர்ந்து 30,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பட்டதாரிகளிடம் எடுத்த கணக்கெடுப்புக்கும் இதே குறை உண்டு. பின்னாளில் வேலையில் ஈடுபாட்டோடு இருப்பவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே, படித்தது அரசுக் கல்லூரியா லாப நோக்கற்ற தனியாரா என்பது பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை, தன்மேல் அக்கறை காட்டிய ஆசிரியர், வழிகாட்டி, ஒரு செமஸ்டரோ அதற்கு மேலோ நீண்ட ப்ராஜெக்ட் ஆகியவை காட்டின. ஆனால் தன்மேல் அக்கறை காட்டிய ஆசிரியர் இருந்தார் என்று உறுதியாகச் சொன்னவர்கள் 27 சதவீதம்தான். அதாவது உங்களுக்கு இப்போது இருக்கும் மனநிலைதான் பெரும்பாலானவர்களின் மனநிலை. காரணம் எது, விளைவு எது என்று இந்த எண்களால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நான் 17 ஆண்டுகள் பார்த்ததோடு இவை ஒத்துப்போகின்றன.

சிறிய கல்லூரி பற்றிய உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் கணக்குப் போட்டால், பிற்பாடு பிஎச்டி முடிப்பவர்களை அதிகம் உருவாக்கும் இடங்களின் வரிசையில் ஸ்வார்த்மோர், ரீட் போன்ற சின்னக் கல்லூரிகள் முன்னால் நிற்கின்றன. அங்கே பிஎச்டி மாணவர்கள் கிடையாது, பேராசிரியரோடு நேராக வேலை செய்வது இளநிலை மாணவர்தான். பரிந்துரைக் கடிதத்தில் உங்களை நேரில் பார்த்தவர் எழுதும் வரிகள் இருக்கும். பெரிய பல்கலைக்கழகத்தில் அது தானாக நடக்காது, நீங்கள் போய் நடத்திக்கொள்ள வேண்டும். அதற்கு ஈடாகக் கிடைப்பது அகலம். பூச்சியியல் பிடிக்கவில்லை என்றால் அடுத்த கட்டடத்தில் புள்ளியியல், அதற்கு அடுத்ததில் மொழியியல். விலை உயர்ந்த கருவிகள், லட்சக்கணக்கான மாதிரிகள் வைத்திருக்கும் உலர்தாவரச் சேகரம், ஒரு துறைக்கென்றே இருக்கும் நூலகர். இந்த நூலகரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. எந்தப் பேராசிரியர் எதில் வேலை செய்கிறார், யார் புதிதாகச் சேர்ந்திருக்கிறார் என்று அவருக்கு அத்துப்படி. புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியருக்கு லேப் காலியாக இருக்கும், ஆள் வேண்டும், பதிலும் போடுவார்.

ஆய்வு மட்டுமே வழி என்றும் நினைக்காதீர்கள். மாணவர்களின் ஈடுபாட்டைப் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்த அலெக்சாண்டர் ஆஸ்டின், 1975இல் வெளியிட்ட ஆய்வில், வளாக விடுதியில் தங்குவதும் வளாகத்துக்குள் பகுதிநேர வேலை பார்ப்பதும் மாணவர் படிப்பைப் பாதியில் விடாமல் இருக்கத் துணையாக இருப்பதைக் காட்டினார். நூலக மேசை, கணினி மையம், மாணவர் பத்திரிகை, எதுவானாலும் சரி. மிச்சிகனில் 1989 வாக்கில் தொடங்கி இன்றுவரை சூரிய ஆற்றல் கார் கட்டிவரும் மாணவர் குழு இருக்கிறது. அதில் இயந்திரவியல் மாணவர்கள் மட்டும் இல்லை, நிதி திரட்டுபவர்களும் பயணம் திட்டமிடுபவர்களும் இருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு முறை ஒரே இருபது பேரைப் பார்க்கிற ஒரு இடம் கிடைத்துவிட்டால் 40,000 என்ற எண் மனதை அழுத்தாது.

ஒரு எச்சரிக்கை. நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒரு லேபில் பதினோரு மாதம் சம்பளமும் இல்லாமல் பட்டத்துக்குக் கணக்காகும் கிரெடிட்டும் இல்லாமல் வேலை செய்தேன். நான் எடுத்த அளவீடுகள் கட்டுரையாக வந்தபோது நன்றி தெரிவிக்கும் வரியில்கூட என் பெயர் இல்லை. அது இன்னும் வலிக்கிறது. அதனால் எங்களிடம் வருகிறவர்களிடம் முதல் நாளே மூன்று விஷயங்களைப் பேசிவிடுகிறேன். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதற்குச் சம்பளமா கிரெடிட்டா, எந்த அளவு பங்களித்தால் கட்டுரையில் பெயர் வரும். நீங்களாகவே இதைக் கேட்கலாம், கேட்பதில் தவறே இல்லை. முகம் சுளிக்கிற இடமாக இருந்தால் அதை இப்போதே தெரிந்துகொண்டது நல்லது. வீட்டுக்குப் பணம் தேவைப்படுகிறவர் இலவசமாக உழைக்க முடியாது, உழைக்கவும் கூடாது. ஊதியத்தோடு கூடிய கோடைகாலத் திட்டங்கள், பாடத்திட்டத்துக்குள்ளேயே ஆய்வு வரும் வகுப்புகள் இரண்டையும் முதலில் தேடுங்கள். மனிதர்களையோ விலங்குகளையோ வைத்துச் செய்யும் ஆய்வு என்றால் நெறிமுறைப் பயிற்சியும் ஒப்புதலும் வாங்க வாரக்கணக்கில் ஆகலாம், அதற்கும் சேர்த்து நாள் கணக்குப் போடுங்கள்.

இரண்டாம் ஆண்டு தாமதமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இரண்டாம் ஆண்டில் வந்தவர்கள், விதை எண்ணிய மாணவி உட்பட. நீங்கள் எழுதுகிறவர் "எங்கள் லேபில் இப்போது இடம் இல்லை" என்று பதில் போட்டால் அங்கேயே நிறுத்தாதீர்கள். நன்றி சொல்லிவிட்டு, இதே போன்ற வேலை செய்யும் வேறு யாருக்கு இப்போது ஆள் தேவைப்படுகிறது என்று ஒரு வரி திருப்பிக் கேளுங்கள். எனக்கு அப்படி வந்த கேள்விகளுக்கு நான் பெயர் சொல்லாமல் விட்டதில்லை. எந்தத் துறை, எந்தப் பாடம் பிடிக்கிறது என்று கீழே எழுதினால், முதலில் எந்த மாதிரிக் கட்டுரையை எடுத்துப் படிக்கலாம் என்று சொல்கிறேன்.